பழைய பின்பால் பெட்டியைப் புதுப்பிப்பது: பினாங்கு ஈரக்காற்றில் வேலையின் வரிசை

பின்பால் இயந்திரத்தின் (காசு போட்டு, சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு இயந்திரம்) மரப்பெட்டியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மின்பலகை, குண்டை அடிக்கும் ஃபிளிப்பர், அதை மோதித் தள்ளும் பம்பர் எல்லாம் தனி வேலை. பெட்டி முடிந்து நான்கு காலில் உறுதியாக நின்ற பிறகு அவற்றைத் தொட்டால் போதும்.

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் பழைய இயந்திரம் வாங்கி வேலை தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலருக்கும் கை நன்றாகவே ஓடும். தவறுவது வரிசை. பெயிண்ட் அடிக்கும் ஆசையில் ஓவியத்தைப் பிரதி எடுக்காமல் தேய்த்துவிடுவார்கள். இல்லையென்றால் ஈரம் காயாத மரத்தில் புட்டி வைப்பார்கள். இரண்டுமே பின்னால் திருத்த முடியாதவை. அதனால் கீழே உள்ள எண் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தேய்க்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஓவியம் முழுதாகத் தெரிகிறது, அங்கங்கே கீறல்தான் என்றால் தேய்க்காதீர்கள். சுத்தம் செய்து, மூலையைப் பலப்படுத்தி, கீறலில் மட்டும் நிறம் தொட்டுவிடுவதே நல்ல வேலை. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் ஒருமுறை போனால் போனதுதான். லேசாக மங்கிய அசல் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு, பளபளவென்று மாற்றியடித்த பெட்டிக்கு இருப்பதில்லை என்பது என் கருத்து.

ஓவியம் எந்த வகை என்றும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 1960, 70களின் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு அடி நிறமும், அதன்மேல் ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தகடு) வைத்து அடித்த இரண்டு நிறங்களும் இருக்கும். நிறத்தின் ஓரம் கூராக இல்லாமல் சற்றுக் கலைந்திருக்கும். 1980களின் நடுவுக்குப் பிறகு ஸ்க்ரீன் பிரிண்ட் பரவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிறு புள்ளிகள் தெரியும். 1990களின் பிற்பகுதியில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. பெட்டியின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் படலத்தின் ஓரம் தட்டுப்படும்.

ஸ்டென்சில் பெட்டியை நீங்களே திரும்ப அடிக்கலாம். ஸ்க்ரீன் பிரிண்ட் பெட்டி மிக மோசமாகிவிட்டால், அந்த மாடலுக்கு அச்சிட்ட ஸ்டிக்கர் தொகுதி கிடைக்கிறதா என்று தேடிவிட்டு அப்புறம் தேய்க்கத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் உள்ளதைக் காப்பாற்றுவதே வழி.

2. காலமும் இடமும் சாமானும்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் மழை குறைவு. தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் பெயிண்டுக்கு ஏற்றவை. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த மாதங்களைப் பிரிப்பதற்கும் மரவேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டை ஜனவரியில் அடிப்பதாகக் கணக்குப் போட்டு, பின்னோக்கி நாள் குறியுங்கள்.

கூரையுள்ள கார் போர்ச் போதும். பெட்டியை இடுப்பு உயரத்தில் தாங்க இரண்டு மரக்குதிரைகள் வேண்டும். கிளாம்ப் குறைந்தது எட்டு இருக்கட்டும். எண்ணிக்கை குறைந்தால் ஒரு மூலை காயும்வரை அடுத்த மூலை காத்திருக்கும், வேலை வாரக்கணக்கில் இழுக்கும். லோரோங் கூலிட் சந்தையில் பழைய இரும்பு கிளாம்ப் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். திருகு வளையாமல் ஓடினால் போதும், துரு ஒரு குறையில்லை.

மற்றவை எல்லாம் ஹார்ட்வேர் கடைச் சாமான்: மரப்பசை, இரண்டு பாகம் கலக்கும் எபோக்ஸி, கார் பட்டறையில் பயன்படுத்தும் பாலியெஸ்டர் புட்டி, 80 முதல் 400 வரை எண்ணுள்ள மணல் தாள், ஊசி போட்ட பெரிய சிரிஞ்ச், மாஸ்கிங் டேப், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், மல்டிமீட்டர். மரத்தின் ஈரம் காட்டும் கருவி ஒன்றும் வாங்குங்கள். நம் ஊரில் அது இல்லாமல் எல்லாமே ஊகமாகிவிடும்.

முகமூடியில் இரண்டு வகை தேவை. தூசிக்குப் பி100 வடிகட்டி, பெயிண்ட் ஆவிக்குக் கரி வடிகட்டி. மருத்துவ முகமூடி இரண்டுக்குமே பயன்படாது.

3. பிளக்கைக் கழற்றுங்கள், அப்புறம் காத்திருங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது. பல இயந்திரங்களில் பெட்டிக்குள் இருக்கும் பழுதுபார்க்கும் பிளக் பாயின்ட், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மின்சாரத்தோடுதான் இருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கண்ணெதிரே வையுங்கள்.

எலக்ட்ரானிக் இயந்திரமாக இருந்தால் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். எண் காட்டும் பழைய டிஸ்ப்ளேக்களுக்கு ஏறத்தாழ 190 வோல்ட் நேர்மின்சாரம் போகும். கால் மணி நேரம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, பூஜ்யம் என்று தெரிந்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

4. படமெடுத்துப் பிரியுங்கள்

முழு இயந்திரம் 110 முதல் 130 கிலோ வரை இருக்கும். ஒருவரால் ஆகாது. தலைப்பெட்டியை (பின்னால் நிமிர்ந்து நின்று மதிப்பெண் காட்டும் பெட்டி) முதலில் எடுங்கள். பழைய மாடல்களில் அது போல்ட்டில் நிற்கும், பிற்கால மாடல்களில் கீல் இருக்கும். கழற்றும் முன் அதன் முகப்பில் உள்ள ஓவியக் கண்ணாடியான பின்கண்ணாடியை வெளியே எடுத்து, சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். அதன் ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் அடித்தது, தொட்டாலே உதிரக்கூடியது. அந்தப் பக்கத்தில் டேப் ஒட்டவே கூடாது.

அடுத்து மேல் கண்ணாடி, உள்ளிருக்கும் ஆட்டப்பலகை, காசுக் கதவு, பிளஞ்சர் (குண்டை ஏவ இழுத்து விடும் கம்பி), பக்கவாட்டு பட்டன்கள், டில்ட் குண்டு (இயந்திரத்தை ஆட்டினால் கண்டுபிடிக்கும் தொங்கு குண்டு). ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். வயரில் டேப் சுற்றி எண் எழுதுங்கள். அதே எண்ணை எதிர்முனையிலும் எழுத மறக்காதீர்கள். பெட்டி வேலை முடிய மாதங்கள் ஆகலாம். நினைவு அவ்வளவு நாள் தாங்காது.

எலக்ட்ரானிக் பெட்டிகளின் உள்சுவரில் பின்னிய செம்புப் பட்டை ஸ்டேபிள் அடித்து ஓடும். அது எர்த். டிரான்ஸ்ஃபார்மர், காசுக் கதவு, பக்கப் பட்டை (பெட்டியின் மேல்விளிம்பில் ஓடும் இரும்பு), தலைப்பெட்டி எல்லாவற்றையும் அது இணைக்கிறது. பழைய கம்பி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது போகும் வழியைப் பென்சிலால் மரத்திலேயே வரைந்துவிட்டு, அறுக்காமல் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

பக்கப் பட்டை மேலே திருகாலும் கீழே இரட்டைப்பக்க டேப்பாலும் பிடித்திருக்கலாம். நெம்பினால் பட்டையும் வளையும், பிளைவுட்டின் மேலேடும் கிழியும். முடி உலர்த்தியால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை இரண்டுக்கும் நடுவே விட்டு அறுத்துக்கொண்டே போங்கள்.

கடைசியாகக் கால்கள். போல்ட்டைத் தளர்த்தும்போது பெட்டியின் எடை காலில் இருக்கக்கூடாது. அடியில் மரக்குதிரையைக் கொடுத்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.

5. ஓவியத்தைப் பிரதி எடுங்கள்

இந்தக் கட்டத்துக்கு ஒரு வார இறுதி முழுவதையும் கொடுங்கள். பக்கப் பட்டையைக் கழற்றிய பிறகு இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஓவியம் பட்டைக்கு அடியிலும் போகிறது. மரவேலைக்கு முன் செய்யச் சொல்வதற்குக் காரணம், இற்ற மூலையைத் தொட்டாலே அங்குள்ள பெயிண்ட் உதிர்ந்துவிடும்.

முதலில் படங்கள். பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, நேர் மேலிருந்து எடுங்கள். ஓவியத்தை ஒட்டி ஒரு இரும்பு அளவுகோல் கிடக்கட்டும். அளவுகோல் இல்லாத படத்தை வைத்து எந்த அளவும் எடுக்க முடியாது.

அப்புறம் பிளாஸ்டிக் தாளைப் பக்கம் முழுவதும் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, மெல்லிய மார்க்கரால் நிறங்களின் எல்லையை வரையுங்கள். கால் போல்ட் துளைகளையும் பட்டன் துளையையும் தாளில் கட்டாயம் குறியுங்கள். புது ஸ்டென்சிலை எங்கே வைப்பது என்று அந்தத் துளைகள்தான் சொல்லும். பெட்டியின் விளிம்பை நம்பாதீர்கள். ஈரம் குடித்த விளிம்பு ஊதியிருக்கும், அல்லது உதிர்ந்து குறைந்திருக்கும்.

இடப்பக்கத்தை வரைந்துவிட்டு வலப்பக்கம் அதன் கண்ணாடி பிம்பம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பல பெட்டிகளில் அப்படி இருக்காது. இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். தலைப்பெட்டியின் பக்கங்களையும் முன்பக்கத்தையும் சேர்த்து.

நிறத்துக்கு வருவோம். வெளியே தெரியும் நிறம் வெயிலிலும் புகையிலும் மாறிப்போனது. சிவப்பு வெளுத்திருக்கும், வெள்ளை பழுப்பாகியிருக்கும். அசல் நிறம் பக்கப் பட்டைக்கும் முன் பூட்டுப் பட்டைக்கும் (முன்புறத்தில் மேல் கண்ணாடியைப் பிடித்திருக்கும் இரும்பு) அடியில் ஒளிந்திருக்கும். அந்த இடத்தில் கார் பாலிஷை விரல் நுனியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். அழுக்கு துணியில் வர வர, கீழே இருந்து வேறொரு ஆரஞ்சு எழும்பி வரும்; பக்கத்திலுள்ள வெளுத்த பகுதியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்றே நம்ப முடியாது. அந்த இடத்தைத்தான் பெயிண்ட் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். பெட்டியைக் கொண்டுபோக முடியாதென்றால் நிற அட்டையை வாங்கி வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்த நிறம் வாசலுக்கு வந்தால் மாறிவிடும்.

மரத்தில் முத்திரையாகப் பதித்த தொடர் எண் இருந்தால் படமெடுத்து, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். அந்தக் குழிகளில் புட்டி ஏறிவிட்டால் திரும்ப வராது. உள்ளே ஒட்டிய காகிதச் சீட்டுகளும் அப்படித்தான். உட்புறம் பெரும்பாலும் பெயிண்ட் இல்லாத வெறும் மரமாகவே வந்தது. அதை அப்படியே விடுங்கள். கறுப்படித்து மூடுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே வயர் தேடவும் கடினம், பின்னால் வரும் பூச்சியும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

6. காய விடுங்கள், பூச்சியைப் பாருங்கள்

வெறும் பெட்டியை நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் வெளி ஏடு சீக்கிரம் சுருங்கி, உள்ளே ஈரம் இருக்க, மேலே வெடிக்கும்.

ஈரமானியில் எந்த எண்ணுக்குக் காத்திருப்பது? குளிர்நாட்டுக்காரர்கள் 8 சதவீதம் என்பார்கள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, திறந்த அறையில் உள்ள மரம் 15, 16 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. எனவே எண்ணைத் துரத்தாதீர்கள். பெட்டியின் நல்ல பகுதியில், நடுப்பக்கத்தில், ஒரு அளவு எடுங்கள். இற்ற மூலையிலும் அதே அளவு சில நாட்கள் தொடர்ந்து காட்டினால் மரம் காய்ந்துவிட்டது. ஏர்கான் அறையில் உலர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயந்திரம் கடைசியில் நிற்கப்போவது திறந்த ஹால் என்றால், அங்கே போனதும் மரம் மறுபடி ஊதும், இறுக்கமாகச் செய்த இணைப்புகள் பிதுங்கும்.

காயும் நாட்களில் பூச்சியைத் தேடுங்கள். ஊசி முனை அளவு துளையும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரத்தூள் வண்டு. மண் குழாய் ஓடியிருந்தால் கரையான். போரேட் கரைசல் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெறும் மரத்தில்தான் ஊறும். பெயிண்டுக்கு மேல் பூசி ஒரு பயனும் இல்லை. உட்புறம் முழுவதும், அடிப்பலகையின் கீழும் பூசி மறுபடி உலர விடுங்கள். தாக்குதல் கடுமையாக இருந்தால் அந்தப் பலகையை வெட்டி எறிவதே நல்லது. வீட்டில் வேறு மரச்சாமான் இருக்கிறதல்லவா.

7. மூலைகளைச் சரிசெய்யுங்கள்

பெட்டியின் முழு எடையும் நான்கு மூலைகள் வழியாகக் கால்களில் இறங்குகிறது. இயந்திரத்தைத் தூக்காமல் இழுத்தே நகர்த்துவதால் போல்ட் துளைகள் நீளும், மூலை இணைப்பு வாய் திறக்கும், கால்கள் விரியும். ஈரத் தரையில் வைத்திருந்தால் அடியிலிருந்து நீர் ஏறி, பிளைவுட் ரொட்டி சானாய் போல ஏடு ஏடாகப் பிரியும். வேறு எந்த வேலையைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு மூலையையும் அடியிலிருந்து மேலாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தள்ளும். இற்ற மரம் சத்தமில்லாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். எந்த இடத்தில் தள்ளத் தொடங்குகிறதோ அங்கே பென்சில் கோடு போடுங்கள். உங்கள் வேலை அந்தக் கோடுவரை.

ஏடு பிரிந்திருந்து மரம் கெட்டியாக இருந்தால்: பிளவுக்குள் தூசியை ஊதி எடுங்கள். மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, பிளவின் ஆழம்வரை செலுத்துங்கள். வாயில் மட்டும் பூசினால் வெளியே ஒட்டும், உள்ளே திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டைப் பலகை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். தாள் இல்லையென்றால் பலகையும் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுதாக விடுங்கள்.

மரம் மெத்தென்று ஆகியிருந்தால் பசை பிடிக்காது. இற்றதைச் சுரண்டி எடுத்து, நீர்த்த எபோக்ஸியை ஊற விட்டு இறுகச் செய்ய வேண்டும். கட்டைவிரல் அளவுக்கு மேல் மரம் போயிருந்தால் நிரப்பாதீர்கள். நேர்க்கோட்டில் வெட்டி, புது மரத்துண்டை ஒட்டுங்கள். பாலியெஸ்டர் புட்டி முகப்பில் உள்ள குழிக்கு நல்லது. கால் இரும்பு அழுத்தும் மூலையில் அது நொறுங்கும். மூலை முழுவதையும் புட்டியிலேயே செதுக்கி எடுக்கிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். கால் போல்ட்டை இறுக்கும் நாளில் விரிசல் விடும்.

உள்மூலையில் உள்ள முக்கோணக் கட்டைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எடுத்து, பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, புதுப் பசையில் ஒட்டுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. ஒட்டும் முன் பெட்டியின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்கே அளவெடுங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது. கோணலாக ஒட்டிவிட்டால் ஆட்டப்பலகை உள்ளே உட்காராது, மேல் கண்ணாடி பாதியில் சிக்கும்.

உட்புறக் கால் தகடுகளுக்குத் திருகு போடும்போது நீளத்தைப் பாருங்கள். பக்கப் பலகை 19 மில்லிமீட்டர் தடிப்பு. 16 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான திருகு வெளிப்பக்கத்தில் முனை காட்டிவிடும்.

அடிப்பலகை டிரான்ஸ்ஃபார்மர் எடையில் தொய்ந்திருந்தால் மாற்றுங்கள். பழையதை அச்சாக வைத்து, ஸ்பீக்கர் துளை, காற்றுத் துளை எல்லாம் குறித்து, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டுங்கள், அசல் தடிப்பு வேறாக இருந்தால் அதையே. அது காடியில் செருகியிருக்கும். புதியதைச் செருகப் பெட்டியையே பிரிக்க வேண்டிவரும். பெட்டி உறுதியாக இருந்தால் பிரிக்காதீர்கள். உட்சுவரின் அடியில் மரச்சட்டம் ஒட்டித் திருகி, பலகையை அதில் பிடித்துவிடலாம்.

8. சமன் செய்யுங்கள்

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் தயாரிப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா 1978ல் தடை செய்தது. அதற்கு முந்திய பெட்டி என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பி100 முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கழிவைப் பையில் கட்டுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். வெறும் மரம் தெரியத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள், இல்லையென்றால் காயவைத்தது வீண்.

80ல் தொடங்கி 120, 180 என்று போங்கள். மணல் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விரல் தடத்தில் பள்ளம் விழும். பளபளப்பான பெயிண்ட் அதை அப்படியே காட்டும்.

குழிகளில் புட்டி வைத்துத் தேய்த்த பிறகு இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். புட்டி மேலும் சுருங்கும். அப்புறம் இன்னொரு மெல்லிய பூச்சு, தடிமனான பிரைமர், 220, மறுபடி பிரைமர், 320. பிளைவுட்டின் நார் பெயிண்டுக்கு மேல் எழும்பித் தெரிவதை இந்த இரண்டாவது பிரைமர்தான் தடுக்கிறது. விளக்கைப் பலகைக்குக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும்.

9. பெயிண்ட் அடிப்பது

காலை 10 மணிக்கு முன்பும், மாலை 4 மணிக்குப் பின்பும், மழை வரும் அறிகுறி உள்ள நாளிலும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். லாக்கர் வகைப் பெயிண்ட் அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் அங்கே நீர் படிந்து, நிறம் வெளிறி மங்கும். மங்கிவிட்டால் பதறித் தேய்க்க வேண்டாம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் காய்ந்த நாளில் மெல்லியதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளியும்.

எனாமல் மெதுவாகக் காயும், ஆனால் இந்த மங்கல் தொல்லை குறைவு. முதல் பெட்டிக்கு எனாமல்தான் என் பரிந்துரை. ஒரு வகையைத் தொடங்கினால் கடைசிவரை அதே வகை. எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கிச் சுருக்கம் விழும். கார் பட்டறையில் அடிக்கும் 2கே பெயிண்டை (இறுக்கி கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்) வரிசை வீட்டில் தொடவே வேண்டாம். அதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகமூடியை நம்பி அடிக்கக்கூடாது. அந்தப் பளபளப்பு வேண்டுமென்றால் தயாரான பெட்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் மேலே. வெளிர் நிறம் அடரை மறைக்கப் பல பூச்சு தேவைப்படும், தடிப்பு ஏறும். மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். 1960, 70களின் சில பெட்டிகளில் அடி நிறத்தின் மேல் வலைபோலவும் தெறிப்பாகவும் இன்னொரு நிறம் இருக்கும். அது அழுக்கு அல்ல, வடிவமைப்பு. படத்தைப் பார்த்து அட்டையில் பழகிவிட்டு அடியுங்கள்.

10. ஸ்டென்சில்

வரைந்த பிளாஸ்டிக் தாளை ஸ்கேன் செய்து, பெயர்ப்பலகை, ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுங்கள். பசை குறைவான மாஸ்கிங் வினைலில் வெட்டச் சொல்லுங்கள். விளம்பர ஸ்டிக்கருக்கான வினைல் அடி நிறத்தையும் சேர்த்துப் பிய்க்கும்.

அடி நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். எனாமல் என்றால் நம் ஈரத்தில் குறைந்தது ஒரு வாரம். கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் ரேகை பதியக்கூடாது. போல்ட் துளைகளை வைத்து இடம் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்கள். ஓரங்களில் முதலில் அடி நிறத்தையே மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால், கசிவதெல்லாம் அதே நிறமாக இருக்கும். அப்புறம் மேல் நிறம்.

வினைலை முழுதாகக் காயும் முன், தொட்டால் ஒட்டாத பதத்தில், மேற்பரப்போடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். நேராக மேலே இழுத்தால் ஓரம் கிழிந்து பல்லாக நிற்கும்.

வினைலில் அடித்த ஓரம் கத்தி போலக் கூராக வரும், அசல் அப்படி இருக்காது. தொழிற்சாலை ஸ்டென்சில் மரத்தில் முழுதாகப் படியாததால் ஓரத்தில் சற்றுப் புகைந்திருக்கும். அசலுக்கு நெருக்கமாக வேண்டும் என்றால் வினைலுக்குப் பதில் தடித்த அட்டையில் வெட்டி, ஒட்டாமல் மேலே வைத்து அடியுங்கள். வேலை கூடுதல்தான். பழைய இயந்திரங்களை அறிந்தவர்களின் கண் முதலில் போவது அந்த ஓரத்துக்குத்தான் என்பதால் எனக்கு அது செய்யத் தகுந்ததாகவே படுகிறது.

11. இரும்பும் கண்ணாடியும்

கடற்காற்று கால்களைத்தான் முதலில் தின்னும். குரோமில் மேலோட்டமான துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமே உரிந்திருந்தால் முலாம் கடைதான்.

கால் போல்ட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்10 போல்ட் பார்க்க அதே அளவுபோல இருக்கும், முதல் புரி பிடிப்பதுபோலவும் தோன்றும். இறுக்கினால் தகட்டின் புரியை அழித்துவிடும். பழைய ஹார்ட்வேர் கடைகளில் உள்ள 3/8 விட்வொர்த் போல்ட்டுக்கும் 16 புரிதான், ஆனால் புரியின் கோணம் 60க்குப் பதில் 55 பாகை. அமெரிக்கப் புரி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மேல் கண்ணாடி வழக்கமான அளவுப் பெட்டிக்கு 21க்கு 43 அங்குலம், 3/16 அங்குலத் தடிப்பு. டெம்பர்டு கண்ணாடிதான் (சூடாக்கிக் கடினமாக்கியது) போட வேண்டும், கடினமாக்கிய பிறகு அதை வெட்டித் திருத்த முடியாது. உள்ளூரில் 5 மில்லிமீட்டர் கிடைக்கும். அசலைவிடக் கொஞ்சம் தடிப்பு. கண்ணாடி ஓடும் உங்கள் பிளாஸ்டிக் காடியில் ஒரு சிறு துண்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

12. எர்த்தும் மின்னழுத்தமும்

செம்புப் பட்டையைப் பென்சில் கோட்டின்படி திரும்ப அடியுங்கள். அது தொடும் இடங்களில் பெயிண்ட் இருந்தால் சுரண்டுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னுக்கும் முன் பூட்டுப் பட்டைக்கும் இடையே மீட்டர் ஒரு ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். ஆடுகிறவரின் இரண்டு கையும் அந்த இரும்பில்தான் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 120 வோல்ட்டுக்கு அமைத்ததாக இருக்கலாம். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்த இணைப்பு இருந்தால் கையேட்டின்படி மாற்றலாம். அப்போது ஃபியூஸும் வேரிஸ்டரும் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தாங்கும் பாகம்) சேர்ந்து மாற வேண்டும். 120 வோல்ட்டுக்கான வேரிஸ்டரை விட்டுவைத்தால் பிளக்கைச் செருகியதும் வெடிக்கும். இதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுத்துவிடுங்கள்.

13. நிறுத்துவது

எனாமல் தொடக் காய்ந்தாலும் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் கால் போட்டால் இரும்பு பெயிண்டில் பதிந்து, அடுத்த முறை கழற்றும்போது பிய்த்துக்கொண்டு வரும். காலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஃபெல்ட் அல்லது பிளாஸ்டிக் காப்புத் தகடு வையுங்கள்.

போல்ட்டுகளை எட்டையும் முதலில் கையால் தொடுத்து, இயந்திரம் நான்கு காலில் நின்ற பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஆட்டப்பலகை, மேல் கண்ணாடி, தலைப்பெட்டி என்று கழற்றிய வரிசைக்குத் தலைகீழாகப் பூட்டுங்கள். சாய்வைக் கால் திருகில் சரிசெய்யலாம்: பழைய ரிலே வகை இயந்திரத்துக்கு ஏறத்தாழ 3.5 பாகை, 80, 90களின் எலக்ட்ரானிக் இயந்திரத்துக்கு 6.5 பாகை. மட்டக்கருவியைக் கண்ணாடி மேல் வைக்காமல் ஆட்டப்பலகை மேலேயே வையுங்கள். இரண்டின் சாய்வும் ஒன்றல்ல.

கால் திருகுகளுக்கு அடியில் ரப்பர் தட்டு வைத்து, மாப் போடும் தண்ணீர் பெட்டியின் பக்கம் தெறிக்காதபடி நிறுத்துங்கள். சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி இருந்தால் பின்பக்கம் காற்று ஓடும். ஒரு மாதம் கழித்துக் கால் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது மரமும் பெயிண்டும் அமுங்கி, ஒவ்வொன்றும் கால் சுற்றாவது வரும்.